பிழைத்த கன்றுக்குத்தான் கூலி

ஜூன் 5 நம் பக்கம் மரம் நடுவதற்கு ஏற்ற நாள் அல்ல. உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று பள்ளிக்கூடம், அலுவலகம், ஊராட்சி எல்லா இடத்திலும் அன்றைக்குத்தான் குழி வெட்டுகிறோம். அப்போது வைகாசி முடியப்போகிற நேரம். குற்றாலத்தில் சாரல் கட்டும், பாபநாசம் மலையில் மேகம் இறங்கும். அம்பாசமுத்திரம் தாண்டிக் கிழக்கே வர வர அந்த ஈரமெல்லாம் போய் வெறுங்காற்றுதான் மிஞ்சும். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை பக்கம் காற்றாலை ஓயாமல் சுற்றும் காலம் அது. முழங்கால் உயரக் கன்றை அந்தக் காற்றில் நட்டால், இலை வழியாகப் போகும் தண்ணீரை வேரால் ஈடுகட்ட முடியாது. முதலில் நுனி கருகும், பிறகு இலை உதிரும், ஆடியில் குச்சிதான் நிற்கும்.

1977-ஆம் ஆண்டு இதே ஜூன் 5-இல் நைரோபியில் ஒரு ஊர்வலம் போனது. கென்யாட்டா மாநாட்டு மையத்திலிருந்து நகரத்தின் ஓரத்திலிருந்த கமுகுஞ்சி பூங்கா வரை நடந்து போய், கென்யாவின் பல இனக்குழுத் தலைவர்களின் நினைவாக ஏழு மரங்கள் நட்டார்கள். பசுமைப் பட்டை இயக்கம் என்று பிறகு உலகம் அறிந்த வேலையின் தொடக்கம் அதுதான். அந்த ஏழில் ஐந்து பிழைக்கவில்லை. கென்யாவின் மேட்டு நிலத்தில் மார்ச் முதல் மே வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. ஜூன் என்றால் அங்கேயும் மழை விட்டுப்போகும் நேரம்.

ஊர்வலத்தை நடத்தியவர் வங்காரி மாத்தாய். அப்போது நைரோபி பல்கலைக்கழகத்தின் கால்நடை உடற்கூறியல் துறைத் தலைவர். பின்னாளில் சிறைக்குப் போனவர், தேர்தலில் தோற்றவர், வென்றவர், துணை அமைச்சர், 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண். அவரைப் பற்றித் தமிழில் வருகிறவை பெரும்பாலும் 'மரங்களின் தாய்' என்ற அடைமொழியோடு நின்றுவிடுகின்றன. அவர் அறிவியலாளராகக் கற்றுக்கொண்ட எந்தப் பழக்கம் அரசியலில் கைகொடுத்தது என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை. என் கணிப்பில் அந்தப் பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: செய்ததை எண்ணாமல், மிஞ்சியதை எண்ணுவது.

1940 ஏப்ரல் 1-இல் நியேரி மாவட்டத்தில் இகிதே என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய காட்டத்தி மரம். அதன் சுள்ளியைக்கூட விறகுக்கு எடுக்கக் கூடாது, அது சாமி மரம் என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். நம் ஊரில் சாஸ்தா கோயில் மரத்தில் கை வைக்காத அதே கட்டுப்பாடு. மரத்தை ஒட்டி ஓர் ஊற்று இருந்தது, அதில் தவளை முட்டைகளைப் பார்த்து விளையாடியவர் அவர். பல ஆண்டு கழித்துத் திரும்பியபோது மரம் வெட்டப்பட்டிருந்தது, ஊற்றும் வற்றியிருந்தது.

1960-இல் கென்ய மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிய திட்டத்தில் கான்சாஸ் மாநிலத்துக்குப் போய் 1964-இல் உயிரியல் பட்டம் பெற்றார். 1966-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை, ஆய்வுப் பொருள் காடையின் மூளையில் இருக்கும் பினியல் சுரப்பி. நைரோபிக்குத் திரும்பியதும் விலங்கியலில் தருவதாக எழுதியிருந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர்தான் கால்நடை மருத்துவப் பிரிவில் நுண் உடற்கூறியல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1971-இல் மாட்டினத்தின் இனப்பெருக்கச் சுரப்பிகள் உருவாகி வேறுபடும் விதம் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதைப் பெற்ற முதல் பெண்.

நுண் உடற்கூறியல் என்றால் என்ன வேலை என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நம் ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டுப் பிள்ளைகள் இதைத்தான் படிக்கிறார்கள். உடல் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க, முதலில் அதைச் சின்னத் துண்டாக வெட்டி ஃபார்மலினில் போட வேண்டும், துண்டு தடிமனாக இருந்தால் மருந்து நடுவரை இறங்காது, உள்ளே அழுகும். பிறகு 70, 80, 95 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றி முழு ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, சைலீனில் தெளிய வைத்து, உருகிய பாரஃபின் மெழுகில் பதித்து, ஐந்து மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். ஏதாவது ஒரு படியில் அவசரப்பட்டு நீர் மிச்சம் இருந்தால் சீவும்போது உதிரும். கத்தியில் ஒரு சின்னக் கொறுவாய் இருந்தால் ஒவ்வொரு சீவலிலும் அதே இடத்தில் கோடு விழும். எந்தப் பிழை எந்தப் படியில் நடந்தது என்பது முடிவில் கண்ணாடித் தகட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, குறிப்பு. இந்த ஒழுங்கு பத்தாண்டுக்கு மேல் கையில் ஊறியவர் நாற்றங்காலுக்குப் போனால் அங்கேயும் பதிவேடுதான் வைப்பார்.

நாற்றங்காலுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது மாட்டு உண்ணி. எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்ற மாட்டு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். தைலேரியா பார்வா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அதற்குக் காரணம், பரப்புவது மாட்டின் காதுக்குள் கொத்துக் கொத்தாக அப்பிக் கிடக்கும் பழுப்பு உண்ணி. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் தனித்தனி மாட்டில் ஏறி ரத்தம் குடித்து, தரையில் விழுந்து தோலுரிக்கும். ஒரு பருவத்தில் வாங்கிய கிருமியை அடுத்த பருவத்தில் அடுத்த மாட்டுக்குக் கொடுக்கும். கடித்த பக்கத்துக் காதடி நெறி கட்டுவது முதல் அறிகுறி. நம்மூரில் கலப்பின ஜெர்சிப் பசுக்களை வாட்டும் தைலேரியா இதற்குப் பங்காளி, வேறு இனம், வேறு உண்ணி. காதிலும் அலைதாடியிலும் மடிக்குப் பின்னாலும் உண்ணி தேடுகிறவர்களுக்குத் தெரியும், வெடுக்கென்று பிடுங்கினால் வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிப் புண்ணாகும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

மாத்தாய் நைரோபியைச் சுற்றிய ஊர்களில் மாட்டுக் காதிலிருந்து உண்ணி சேகரிக்கப் போனார். போன இடத்தில் மாடு எலும்பும் தோலுமாக நின்றது. மழையில் ஆறு செம்மண் கரைசலாக ஓடியது. பெண்கள் விறகுக்கு அலைந்தார்கள், விறகு கிடைக்காததால் சீக்கிரம் வேகிற, சத்தில்லாத உணவுக்கு மாறியிருந்தார்கள். தேயிலையும் காப்பியும் போட மரங்களை அழித்த சரிவுகளிலிருந்து மேல்மண் இறங்கிக்கொண்டிருந்தது. உண்ணியைவிடப் பெரிய நோய் இது என்று அவர் முடிவுக்கு வந்தது அங்கேதான்.

முதல் முயற்சி நொடித்துப்போனது. 1974 தேர்தலில் நின்ற கணவர் வேலை தருவதாக வாக்களித்திருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற மாத்தாய் ஒரு நாற்று நிறுவனம் தொடங்கினார். நகரத்தில் தண்ணீர்க் கட்டுப்பாடு, வாங்க ஆளில்லை, கன்றுகள் காய்ந்தன. பிறகு கென்ய தேசியப் பெண்கள் மன்றத்தின் வழியாக 1977-இல் மறுபடி தொடங்கினார்.

வனத்துறையிடம் போய் நாட்டு மக்கள் தொகைக்குச் சமமாக ஒன்றரைக் கோடிக் கன்று வேண்டும் என்றார். சிரித்துக்கொண்டே இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். ஓராண்டுக்குள் கேட்பு தாங்காமல் காசு கேட்டார்கள். அப்படியானால் நாங்களே வளர்க்கிறோம் என்று பெண்கள் இறங்கியபோது, வனத்துறையிலிருந்து பாடம் நடத்த வந்தவர்கள் நிலச் சரிவு, வெயில் விழும் கோணம், பாத்தியின் ஆழம் என்று அடுக்கினார்கள். மரம் வளர்க்கப் பட்டயப் படிப்பு வேண்டும் என்றே சொன்னவர்கள் உண்டு. மாத்தாய் தாமே பட்டம் பெற்றவர். அவர் பெண்களிடம், நீங்கள் சோளமும் அவரையும் விதைக்கிற அறிவு போதும் என்றார். உடைந்த பானையில் விதைத்து, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்து முளைக்க வைத்தார்கள்.

இனிதான் விஷயமே. கன்று வளர்த்த பெண்ணுக்கு ஒரு சின்னத் தொகை உண்டு, கன்றுக்கு 4 அமெரிக்க சென்ட் அளவு. அது நாற்றங்காலில் இருக்கும் கன்றுக்குக் கிடையாது, நட்ட கன்றுக்கும் கிடையாது, நட்டு உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான். அதற்கு ஒரு வரிசை முறை வைத்திருந்தார்கள். முதலில் குழு சேர்ந்து பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் நாற்றுக் கணக்கு அனுப்ப வேண்டும். கன்று தயார் என்றதும் ஊரில் அறிவிப்பார்கள். வேண்டும் என்கிறவர் முதலில் குழி வெட்ட வேண்டும். குழுவினர் போய்க் குழியைப் பார்த்து, சரியாக இருந்தால்தான் கன்று கொடுப்பார்கள். நட்ட பிறகு இரண்டு முறை போய் எண்ணுவார்கள். இரண்டாவது எண்ணிக்கையில் நிற்பதற்குத்தான் பணம்.

குழியைப் பார்த்த பிறகே கன்று என்பதை நம்மூர் நிலவரத்தோடு வைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். இங்கே கன்று முதலில் லாரியில் வந்து இறங்கும், குழி பிறகு வெட்டப்படும். அவசரத்தில் ஒரு அடிகூட இறங்காது. செவல் நிலத்தில் கீழே சுக்கான் பாறை இருந்தால் வேர் அதில் முட்டி வளைந்துவிடும். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் என்பது குறைந்த அளவு. அதையும் ஒரு மாதம் முன்பே வெட்டி, மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, நடும்போது அதை அடியில் போட வேண்டும். மக்காத சாணியைக் குழியில் போட்டால் கரையான் வரும். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலேயே நட்டு மூடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அப்படி நட்ட கன்று இரண்டு மாதம் பச்சையாக நிற்கும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

எந்த விதையை எப்போது போடுவது என்பதும் குழியோடு சேர்ந்த கணக்கு. நமக்கு நடவு புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை, பிசான நெல் நடவுக்குத் தண்ணீர் வரும் அதே காலம். புங்கம் விதை பங்குனி, சித்திரையில் கிடைக்கும். உடனே பையில் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் முளைத்து, ஐப்பசியில் ஒன்றரை அடிக்கு மேல் நிற்கும். நம் பருவத்துக்கென்றே அமைந்த மரம். வேம்பு அப்படி இல்லை. பழம் ஆனி, ஆடியில் உதிரும், சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். தாமதித்தால் முளைப்பு விழுந்துவிடும். அந்த ஆண்டு ஐப்பசியில் அது சின்னக் கன்றாகத்தான் இருக்கும், ஆடு ஒரு வாயில் முடித்துவிடும். அடுத்த ஆண்டு வரை வைத்திருந்து நடுவதே நல்லது. வைத்திருக்கும்போது மாதம் ஒருமுறை பையை இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும், தூக்கும்போது அறுந்துபோகும். ஆற்றங்கரைக்கு மருதம் வேண்டுமானால் காயை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், முளைக்க ஒன்றரை மாதம்கூட ஆகும், பொறுமை இல்லாதவர் அதற்குள் பாத்தியைக் கொத்திவிடுவார். பைக்கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பனையைப் பையில் வளர்க்கவே கூடாது. அதன் முளை முதலில் கீழே போய்க் கிழங்கு கட்டும், அதற்குப் பை எந்த மூலைக்கும் காணாது. கொட்டையை நேராக நிலத்தில், பத்தடி இடைவெளியில், ஆவணி புரட்டாசியில் ஊன்றிவிட வேண்டும்.

எந்த ஊர்க் கூட்டத்திலும் ஒரு ஆச்சி இருந்து, "எல்லாஞ் சரி, தண்ணி யாரு ஊத்துவா?" என்று கேட்பார். அதற்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும். நூறு கன்று, வாரம் இரண்டு முறை, தடவைக்குப் பத்து லிட்டர் என்றால் வாரத்துக்கு 2,000 லிட்டர். பங்குனியிலிருந்து ஆவணி வரை 25 வாரத்துக்கு 50,000 லிட்டர். இதைச் சுமக்க ஆளும் வண்டியும் இருந்தால் நூறு நடலாம். இல்லையென்றால் நாற்பது நட்டு நாற்பதையும் காப்பாற்றலாம். உடைமுள் அடைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி.

மாத்தாயின் முறையில் ஒன்றை மட்டும் இங்கே மாற்ற வேண்டும். அவர்களுடைய இரண்டாவது எண்ணிக்கை நட்ட மூன்றாம் மாதம். ஐப்பசியில் நட்டதை நாம் தையில் எண்ணினால் எல்லாம் உயிரோடு இருக்கும், மண் இன்னும் ஈரம். சாவு வருவது சித்திரை வெயிலிலும் ஆனிக் காற்றிலும். திருநெல்வேலிச் சீமையில் கடைசி எண்ணிக்கை காற்று ஓய்ந்த பிறகு, ஆவணிக் கடைசியில் நடந்தால்தான் அது உண்மையான கணக்கு. கூலியில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வைப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் அவரால் அரசாங்கத்தோடு மோத முடிந்தது என்று நினைக்கிறேன். 1982-இல் நியேரியில் இடைத்தேர்தல். நிற்பதற்காகப் பல்கலைக்கழக வேலையை விட்டார். வாக்காளர் பதிவில் குறை என்று சொல்லித் தகுதி நீக்கினார்கள், நீதிமன்றமும் கைவிட்டது. பல்கலைக்கழகம் வேலையைத் திரும்பத் தரவில்லை, குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னது. அதற்கு முன்பே மணமுறிவு வழக்கில் நீதிபதியை விமர்சித்ததற்காக ஆறு மாதத் தண்டனை பெற்று மூன்று நாள் சிறையில் இருந்தவர். தன் குடும்பப் பெயரை விட்டுவிடச் சொன்ன கணவருக்குப் பதிலடியாக 'மதாய்' என்பதில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டி 'மாத்தாய்' ஆக்கிக்கொண்டவர். சம்பளமும் வீடும் இல்லாத அந்த ஆண்டிலிருந்துதான் இயக்கம் முழுநேர வேலையானது.

1989-இல் நைரோபியின் உகுரு பூங்காவுக்குள் 60 மாடிக் கட்டடம் ஒன்றை ஆளுங்கட்சியின் செய்தி நிறுவனத்துக்காகக் கட்டத் திட்டமிட்டார்கள். அவர் செய்தது கடிதம் எழுதுவதுதான். குடியரசுத் தலைவர் அலுவலகம், நகர நிர்வாகம், சுற்றுச்சூழல் அமைச்சகம், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, முதலீட்டாளர்களில் ஒருவர் பிரிட்டன்காரர் என்பதால் பிரிட்டன் தூதருக்கும் ஒன்று. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வி: பொதுமக்களின் பூங்காவை யார், எந்த உரிமையில் கொடுத்தார்கள்? நாடாளுமன்றத்தில் ஏசினார்கள். ஆப்பிரிக்கப் பெண் என்றால் ஆண்களை மதித்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் குடியரசுத் தலைவர் மொய். வழக்குத் தள்ளுபடியானது. இயக்கத்தின் அலுவலகத்தை அரசுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றினார்கள், அவர் வீட்டிலேயே அலுவலகம் நடந்தது. கடைசியில் வெளிநாட்டுப் பணம் பின்வாங்கி, 1990-இல் திட்டம் கைவிடப்பட்டது.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு நிற்கிறவர்கள் இந்தக் கடிதங்களிலிருந்து கற்க நிறைய உண்டு. "குளத்தை ஆக்கிரமித்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதிய மனு எங்கும் போகாது. புல எண், வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கும் பக்கத்தின் நகல், புலப்பட நகலில் மறுகால் எங்கே, மடை எங்கே என்ற குறிப்பு, இன்றைய அளவு, தேதியிட்ட படம் இவை இருந்தால் 2007-ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி நில அளவை செய்யக் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதே தாள்கள்தான் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்கும் போகும்.

1992-இல் அரசியல் கைதிகளின் தாய்மாரோடு உகுரு பூங்காவில் உண்ணாநோன்பு இருந்து, காவலர்கள் அடித்து மயங்கி விழுந்தார். 1999 ஜனவரி 8-இல் கருரா காட்டைத் தனியார் கட்டடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து அங்கே கன்று நடப் போனபோது அடியாட்கள் மண்டையை உடைத்தார்கள். காவல் நிலையத்தில் புகார்த் தாளில் தன் ரத்தத்தாலேயே கையெழுத்துப் போட்டார். 1997-இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்று தோற்றிருந்தவர், 2002 டிசம்பரில் தெத்து தொகுதியில் 98 சதவீத வாக்கோடு வென்றார். அடுத்த மாதம் சுற்றுச்சூழல், இயற்கை வளத் துறையின் துணை அமைச்சர்.

அறிவியலாளர் நாடாளுமன்றத்துக்குப் போவதில் பல வழி உண்டு. நம் எம். எஸ். சுவாமிநாதன் 2007-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். ஜெர்மனியின் ஏஞ்சலா மெர்க்கல் இயற்பியல் படித்து 1994-இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார். வாக்குக் கேட்டு வாசல் வாசலாகப் போய், தோற்று, மறுபடி போனவர் மாத்தாய். ஆனால் துணை அமைச்சர் நாற்காலியில் அவரால் அதிகம் செய்ய முடியவில்லை என்பதே என் எண்ணம். முடிவெடுக்கிற கையெழுத்து அவருடையதல்ல. அரசுக் காட்டுக்குள் பைன், சைப்ரஸ் கன்றுகளுக்கு இடையே குடியானவர்களைப் பயிரிட விட்டு, கன்றைப் பராமரிக்கச் சொல்லும் பழைய ஷாம்பா முறையை அவர் விடாமல் எதிர்த்தார். மூன்று ஆண்டில் வெளியேற வேண்டியவர் வெளியேறமாட்டார், நாட்டு மரம் அழிந்து ஒற்றை மரத் தோட்டம் வரும், தோட்டம் மழையைக் காடுபோலப் பிடித்து வைக்காது என்பது அவர் வாதம். நியேரிக்காரர் அப்படிப் பேசியதில் வியப்பில்லை. ஒரு பக்கம் கென்யா மலை, மறு பக்கம் அபர்டேர் மலைத்தொடர், இரண்டும் கீழ்நாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. பொதிகை உச்சியின் சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்துக் கோடையிலும் கசியவிடுவதால்தான் எட்டு அணைக்கட்டுக் கால்வாய்களுக்குத் தண்ணீர் இறங்குகிறது என்று அறிந்த நமக்கு அந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை. 2005-இல் கென்யாவுக்குப் புதிய வனச் சட்டம் வந்தது, ஊர்ச் சங்கங்களுக்குக் காட்டு நிர்வாகத்தில் இடம் கிடைத்தது. 2007-இல் கட்சியின் வேட்பாளர் தேர்வில் தோற்றார், தொகுதியும் போனது. மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக அவர் தொடங்கிய பேச்சு சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2017 ஆகஸ்டில், அவர் இல்லாத காலத்தில்.

2004 அக்டோபர் 8-இல் நோபல் செய்தி வந்தபோது தொகுதிக்குப் போகும் வழியில் இருந்தார். நியேரியில் வண்டியை நிறுத்தி, கென்யா மலையைப் பார்த்தபடி ஒரு நந்தி ஃபிளேம் கன்று நட்டார். நம் கல்லூரி வளாகங்களில் செந்நிறப் பூவோடு நிற்கும், மொட்டைப் பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் அதே மரம்தான்.

2011 செப்டம்பர் 25-இல் புற்றுநோயில் இறந்தார். தனக்காக மரம் வெட்டிப் பெட்டி செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். மூங்கில் சட்டத்தில் பாப்பிரஸ் தண்டும் ஆகாயத்தாமரை நாரும் கொண்டு பெட்டி பின்னினார்கள். பாப்பிரஸ் நம் பத்தமடைப் பாய்க்கோரையின் உறவு. ஆகாயத்தாமரை என்பது தாமிரபரணியிலும் குளங்களிலும் மடையை அடைத்துக் கிடக்கிற, நாம் அமலை என்று சொல்லி ஆண்டுதோறும் அள்ளிக் கரையில் போடுகிற அதே செடி.